சேவல் கூவியதும் நிறுத்திவிடவும்

1. மே 7

2024 மே 7, செவ்வாய்க்கிழமை. எழுந்தது 4.50. டீ 5.05. கீழ்புத்துப்பட்டு வீட்டிலிருந்து வண்டியில் கிளம்பியது 5.25. மரக்காணத்தில் உப்பள அலுவலகத்தின் பூட்டைத் திறந்தது 5.58. தண்ணீரின் உப்புச் செறிவைக் காட்டும் மீட்டரை எடுத்துக்கொண்டு பாத்திகளில் இறங்கியது 6.05. ஓடையை ஒட்டிய பாத்திகளில் தண்ணீர் 25 டிகிரி, நடுவில் இருப்பவற்றில் 24.5. இருபத்தைந்து வந்தால் உப்பு இறங்கத் தொடங்கும். ஓடைப் பக்கம் முப்பத்தெட்டுப் பாத்திகளில் உப்பு நன்றாகவே இறங்கியிருந்தது. வியாழக்கிழமை வாருவதாகத் திட்டம். 7.20க்கு நாலு இட்லி. 8.25க்கு மீட்டிங் அறையில் டி.வி.யைப் போட்டு, போனில் டைமர் ஆப்பைத் திறந்து, ஒலி சரியாக வருகிறதா என்று ஒருமுறை கூவவிட்டுப் பார்த்தேன். கூவியது.

இதில் எந்த நேரமும் நினைவிலிருந்து எழுதியது இல்லை. இந்த உப்பளத்தில் சூப்பர்வைசராக இருபத்தாறு வருஷம் ஆகிறது. அன்றன்றைக்கு டைரி எழுதாமல் நான் வண்டியை எடுத்ததில்லை.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் "அந்தச் சேவல் கதையைச் சொல்லுங்க சார்" என்று கேட்கிறார்கள். லாரி ஷெட்டில் அதற்கு மூன்று விதமான வடிவம் ஓடுகிறது. ஒன்றில் டைரக்டர் தண்ணீரில் விழுகிறார். அவர் விழவில்லை. கதை சிரிப்புக் கதைதான், ஆனால் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதில் தப்பு நேரக்கூடாது என்பதால் எழுதி வைக்கிறேன்.

2. ஆப் வந்த விதம்

முதலாளியின் மகன் விவேக் அந்த வருஷம் மார்ச்சில் டைரக்டராக வந்தார். அதற்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தவர். அங்கே மீட்டிங்கில் உட்கார்ந்து பேசுவதற்கு நாற்காலிகூடக் கிடையாதாம், நின்றுகொண்டே பேசி முடித்துவிடுவார்களாம். எங்களுக்கு நாற்காலி கொடுத்தார். நேரத்தைத்தான் கொடுக்கவில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மீட்டிங்குகள் இழுத்தடிக்கத்தான் செய்தன. லோடிங் பார்க்கும் தங்கராசு ஒரு நாள் லாரி ஏன் வரவில்லை என்று ஆரம்பித்து, டிரைவரின் மாமியார் வீட்டுச் சண்டைக்குப் போய், அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று எங்களிடம் கை தூக்கச் சொல்லி, முப்பத்தொரு நிமிஷம் எடுத்தார். டைரியில் இருக்கிறது. கை தூக்கியவர்கள் நாலு பேர். நானும் தூக்கினேன்.

டைரக்டர் அடுத்த நாளே அந்த ஆப்பைக் காட்டினார்.

"ஆளுக்கு ரெண்டு நிமிஷம். ஒன்றரை நிமிஷத்துல மஞ்சள் வரும். ரெண்டுல சிவப்பு, கூடவே சவுண்டு. சவுண்டு வந்தா பாதி வார்த்தையா இருந்தாலும் ஸ்டாப். மீதி விஷயம் இருந்தா போர்டுல எழுதி வைப்போம், வெள்ளிக்கிழமை எடுத்துப்போம். ராயப்பன் சார், நீங்கதான் டைம்கீப்பர். உங்க அளவுக்கு பர்ஃபெக்டான ஆள் இங்க யாரு இருக்காங்க?"

அன்றைய டைரியில் "டைம்கீப்பர் பொறுப்பு ஏற்றேன்" என்பதன் கீழே கோடு போட்டிருக்கிறேன். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. எனக்கு எங்கே தட்டினால் வலிக்காமல் உள்ளே போகும் என்று அவர் இரண்டு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

முதலில் வைத்த ஒலி கோயில் மணி. மணி அடித்ததும் மூன்று பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், பிறகு பேச்சைத் தொடர்ந்தார்கள். இரண்டாவது ஆம்புலன்ஸ். எல்லோரும் எழுந்து ஜன்னலுக்கு ஓடினார்கள். மூன்றாவதாகச் சேவல் வைத்தோம். அதில் ஒரே தொந்தரவு, பின்வீட்டுச் சேவல் பதில் கூவும். யார் பேசினாலும் இரண்டு முறை நிறுத்தப்படுவார்.

டைரக்டருக்கு மட்டும் டைமர் கிடையாது. ஒரு நாள் நான் பொத்தானை அமுக்கப் போனபோது கையைக் காட்டித் தடுத்தார்.

"சார், நான் பேசறது கான்டெக்ஸ்ட் செட்டிங், பின்னணி சொல்றது. அது மீட்டிங்ல வராது."

அந்த வாரம் மீட்டிங்கில் வராத அவர் பேச்சு முறையே 11, 14, 9, 17 நிமிஷம். அதில் 17 நிமிஷம், நேரத்தின் அருமை பற்றியது.

தங்கராசு பிழைக்கத் தெரிந்தவர். மூன்றாம் நாளிலேயே புரிந்துகொண்டார். அவர் முறை வந்ததும் எழுந்து "எல்லாம் ஓகே சார்" என்பார், உட்கார்ந்துவிடுவார். நாலு விநாடி. மாதக் கடைசியில் டைரக்டர் அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார். அந்த மாதம் ஒன்பது லாரி தாமதமாக வந்திருந்தது. அது வெள்ளிக்கிழமைப் பட்டியலில்கூட ஏறவில்லை, ஏனென்றால் எல்லாம் ஓகே.

3. கன்னியம்மா பேசும் வரிசை

கன்னியம்மா எங்கள் மேஸ்திரி. ஓடைப் பக்கத்துப் பாத்திகள் முழுக்க அவர் பொறுப்பு. தலையில் உப்புச் சுமந்து இருபது வருஷம், மேஸ்திரியாகப் பதினாலு வருஷம். இந்த உப்பளத்தில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர்தான். வயது ஐம்பத்தொன்று, வலது முட்டி மடங்காது.

உப்பளத்தில் காலையில் தகவல் சொல்வதற்கு ஒரு வரிசை உண்டு. காற்று, வெயில், டிகிரி, பாத்தி, ஆள். சிக்கல் ஏதாவது இருந்தால் எல்லாவற்றுக்கும் கடைசியில். பாத்தியில் கால் வைத்தவர் யாரும் காலையில் முதல் பேச்சாகக் கெட்டதைச் சொல்ல மாட்டார்கள். நல்லது ஐந்தைச் சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, "அப்புறம் ஒண்ணுங்க" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஒன்றுக்காகத்தான் முந்தின ஐந்தும்.

இது டைரக்டருக்குத் தெரியாது. சென்னையிலிருந்து வந்தவருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாகத் தெரியும். இதை இங்கேயே எழுதிவிடுகிறேன், பின்னால் எழுதினால் ஒளித்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

4. இரண்டு நிமிஷம்

மே 7, காலை 8.41. கன்னியம்மாவின் முறை. பொத்தானை அமுக்கினேன்.

"காத்து தெக்கால இருந்து வருதுங்க, நேத்து சாயந்திரத்துல இருந்தே. வெயில் நல்லா இருக்குது. டிகிரி சாரே பார்த்துட்டாரு, இருபத்தஞ்சு. முப்பத்தெட்டு பாத்தி ரெடி. நாளான்னைக்கு வாரலாம். ஆளு இருவத்திரண்டு, ரெண்டு பேரு கல்யாணத்துக்குப் பொம்மையார்பாளையம் போயிருக்குதுங்க, நாளைக்கு வந்துரும். தண்ணி குடிக்கிற டிரம்முக்கு மூடி..."

மஞ்சள் வந்தது.

"...மூடி வந்துட்டுது, அதுக்கு சாருக்கு நன்றி. அப்புறம் ஒண்ணுங்க..."

சேவல் கூவியது. பின்வீட்டுச் சேவலும் கூவியது.

"நேரம் முடிஞ்சதும்மா" என்றேன்.

"ஒரே ஒரு பேச்சுங்க சார்."

டைரக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ராயப்பன் சார், ரூல் எல்லாருக்கும் ரூல்."

நான் எழுந்து போர்டில் எழுதினேன்: "கன்னியம்மா - ஒரு விஷயம் - வெள்ளி." கையெழுத்து நன்றாகவே இருந்தது.

மீட்டிங் முடிந்ததும் யார் என்ன சொன்னார் என்ற மினிட்ஸை டைப் செய்வது என் வேலை. டைரக்டர் கொடுத்த படிவத்தில் ஆளுக்கு மூன்று கட்டம். கடைசிக் கட்டம் "சிக்கல்". அதைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. கன்னியம்மாவுக்கு நேராக "இல்லை" என்று அடித்தேன். அடுத்த பக்கத்துக்குப் போனது.

11.10க்கு கன்னியம்மா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். முட்டி வரை சேறு.

"சார், காலையில வுட்ட அந்த ஒண்ணை இப்ப சொல்லிடட்டா?"

"போர்டுல எழுதியிருக்கேன்மா. வெள்ளிக்கிழமை வரும்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அது நிக்கணுமே சார்."

நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எது நிற்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்க நாலு விநாடி ஆகியிருக்கும். அவர் கொஞ்ச நேரம் என் முதுகைப் பார்த்தபடி நின்றுவிட்டுப் போனார். அவர் போனது 11.12. அதையும் குறித்திருக்கிறேன், என்ன பிரயோஜனம்?

5. மே 8

மறுநாள் புதன்கிழமை. அமாவாசையை ஒட்டிய நாட்களில் காலையில் கடல் ஏறும், ஓடையிலும் தண்ணீர் ஏறும். 8.30க்கு மீட்டிங் தொடங்கியது. டைரக்டர் கான்டெக்ஸ்ட் செட் செய்தார், பதினைந்து நிமிஷம். 8.46க்கு தங்கராசுக்குப் பொத்தானை அமுக்கினேன். அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அதே நேரம் மோட்டார் பார்க்கும் ஏழுமலை வாசலில் வந்து நின்றான். இடுப்பு வரை நனைந்திருந்தான். மூச்சு வாங்கியது.

"சார்..."

டைரக்டர் உள்ளங்கையைக் காட்டினார். "ஒன் மினிட். தங்கராசு பேசறாரு. உங்க டர்ன் வரும்."

ஏழுமலை நின்றான். அவன் லுங்கியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"எல்லாம் ஓகே சார்" என்றார் தங்கராசு. உட்கார்ந்தார்.

டி.வி.யில் பச்சை நிறத்தில் இன்னும் ஒரு நிமிஷம் ஐம்பத்தாறு விநாடி பாக்கி இருந்தது.

"இப்ப சொல்லுங்க" என்றார் டைரக்டர்.

"மூணாம் மதகு போயிடுச்சு" என்றான் ஏழுமலை.

மூன்றாம் மதகுக்குப் பக்கத்தில் ஓடைக்கும் பாத்திகளுக்கும் நடுவே இருப்பது ஒற்றை வரப்பு. அதில் நண்டு வளை போட்டிருந்தது. கன்னியம்மா அதைத் திங்கட்கிழமை சாயங்காலம் பார்த்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை ஒரு டிராக்டர் மண் கொட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். டிராக்டருக்கு அலுவலகம் சொல்ல வேண்டும். அலுவலகம் என்றால் நான். நான் சொல்லாததால் அவரும் இரண்டு பெண்களும் கையால் சேறு அள்ளி அப்பியிருக்கிறார்கள். 11.10க்கு முட்டி வரை இருந்த சேறு அதுதான்.

டிராக்டர் வந்தது 9.35. உடைப்பை அடைத்தது 11.20. அதற்குள் முப்பத்தெட்டுப் பாத்தியிலும் ஓடைத் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. மீட்டரைப் போட்டுப் பார்த்தேன். 9 டிகிரி. வியாழக்கிழமை வார வேண்டிய உப்பு கரைந்துபோய்விட்டது. டைரக்டர் வரப்பில் நின்று "பம்ப் வச்சு எடுத்துடலாம் இல்ல?" என்று கேட்டார். எதை எடுப்பது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

6. மூன்று மணி மீட்டிங்

மதியம் 3.00க்கு விசாரணை மீட்டிங். டைமர் உண்டா என்று கேட்டேன். "டெஃபனட்லி" என்றார் டைரக்டர். "இன்னிக்குத்தான் டிசிப்ளின் ரொம்ப முக்கியம்."

அவர் கையில் நான் அடித்த மினிட்ஸ் இருந்தது.

"இங்க பாருங்க. நேத்து தேதி. கன்னியம்மா. சிக்கல்: இல்லை. ஒரு வரப்பு ஒடையப் போவுது, ஃபீல்டுல இருக்கிறவங்களுக்குத் தெரியல, இல்லைன்னா தெரிஞ்சும் சொல்லல. ரெண்டுல எதுவா இருந்தாலும் மேஸ்திரி வேலைக்கு ஆகாது. நாளையில இருந்து தங்கராசு அதையும் சேர்த்துப் பார்க்கட்டும். கன்னியம்மா மறுபடி சுமை லைன்ல நிக்கட்டும்."

தங்கராசு தரையைப் பார்த்தார். மடங்காத முட்டியோடு தலையில் கூடை வைத்துக்கொண்டு வரப்பில் ஏறுவது எப்படி என்று அந்த அறையில் டைரக்டரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"கன்னியம்மா, உங்க விளக்கம். ரெண்டு நிமிஷம்."

பொத்தானை அமுக்கினேன். கன்னியம்மா எழுந்து நின்று புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"காத்து தெக்கால இருந்து..."

"ஐயோ, காத்து வேணாம்! வரப்பைப் பத்திச் சொல்லுங்க. தெரிஞ்சிருந்தா ஏன் முதல்லயே சொல்லல?"

"காலங்காத்தால வாயைத் தொறந்ததும் வரப்பு ஒடையப்போவுதுன்னா சொல்லுவாங்க? உங்க வூட்ல அப்படித்தான் எழுப்பி வுடுவாங்களா சார்?"

யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள்.

"ரெண்டாவது, அப்புறம் வந்து சொல்லியிருக்கலாமே?"

கன்னியம்மா என்னைப் பார்த்தார். 'நான் சொல்ல வந்தேன், இவர் கேட்கவில்லை' என்று அவர் சொன்னால் முடிந்தது. அவர் சொல்லவில்லை. "ரெண்டு தபா நிறுத்தினாங்க. மூணாவது தபாவும் நின்னு நின்னு போறதுக்கு நான் என்னா டவுன் பஸ்ஸா?" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். நாற்பது விநாடி மிச்சம்.

என் பையில் டைரி இருந்தது. மேஜை மேல் மினிட்ஸ் இருந்தது. இரண்டும் ஒரே கை எழுதியவை. ஒரே நாளைப் பற்றியவை. இரண்டும் வேறு வேறு சொன்னது இருபத்தாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. ஒன்றை மூடி வைத்துவிட்டால் வேறு வேறாக இருக்காது என்பதும் எனக்குத் தெரிந்தது. அரை நிமிஷம் அதைப் பற்றி யோசித்தேன். அதற்குப் பெருமைப்படவில்லை.

எழுந்தேன். எனக்கு நானே பொத்தானை அமுக்கிக்கொண்டேன். டைரியைப் பிரித்துப் படித்தேன்.

"மே 7. 8.43. கன்னியம்மா, 'அப்புறம் ஒண்ணுங்க' என்றார். சேவல். நிறுத்தினேன். ஒரே பேச்சு என்று கேட்டார். அனுமதிக்கவில்லை. போர்டில் எழுதினேன். 9.20. மினிட்ஸில் 'சிக்கல்' கட்டம் காலியாக விட முடியவில்லை, 'இல்லை' என்று அடித்தேன். 11.10. கன்னியம்மா ஜன்னலில் வந்தார். சொல்லட்டுமா என்றார். வெள்ளிக்கிழமை என்றேன். அதுவரை நிற்க வேண்டுமே என்றார். எது என்று கேட்கவில்லை. 11.12. போனார்."

டைரியை மூடிவிட்டுச் சொன்னேன். "சார், அவங்க சிக்கலைக் கடைசியில சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க வர்றதுக்கு முன்னாடியே தெரியும். 'இல்லை'ன்னு அடிச்சது அவங்க சொன்னது இல்ல, நான் அடிச்சது. பேப்பரைத் திருத்தணும். மேஸ்திரியை மாத்தறதா இருந்தா, முதல்ல சூப்பர்வைசரை..."

சேவல் கூவியது. பின்வீட்டுச் சேவலும்.

"சார், டைம்" என்றார் டைரக்டர்.

"தெரியும் சார். நான்தான் வச்சேன்" என்று சொல்லிவிட்டு மீதியையும் பேசினேன். வரப்பு, நண்டு வளை, கையால் அப்பிய சேறு, டிராக்டருக்கு யார் சொல்ல வேண்டும், ஒன்பது லாரி, எல்லாம். தங்கராசு ஒன்பது லாரி பற்றிய பேச்சு வந்தபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அவராகவே, "மேஸ்திரி வேலை எனக்கு வேணாம் சார், எனக்கு வரப்பு தெரியாது" என்றார். அவர் பேசி நான் பார்த்த மிக நீளமான உண்மை அது. ஏழு விநாடி.

டைரக்டர் பேனாவை மூடித் திறந்தார். "ஓகே. திஸ் இஸ் நாட் எ பீப்பிள் ஃபெயிலியர். ப்ராசஸ் ஃபெயிலியர். கன்னியம்மா கன்டின்யூ பண்ணட்டும். ப்ராசஸுக்கு வேற ஒரு ஆப் பார்க்கறேன்."

5.15க்கு எனக்கு ஒரு மெமோ வந்தது. வரப்பு உடைந்ததற்காக இருக்கும் என்று பிரித்தேன். மீட்டிங்கில் ஒதுக்கிய நேரத்தை ஒரு நிமிஷம் நாற்பது விநாடி தாண்டியதற்காக. கணக்கில் தப்பு. இரண்டு நிமிஷம் ஐந்து விநாடி தாண்டினேன். திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வாசலில் கன்னியம்மா செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மெமோ வாங்கினீங்களாமே சார்?"

"ஆமாம்மா."

"எழுதிக் குடுத்தாரா, கூவிக் குடுத்தாரா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நேத்து நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல" என்றார். மன்னிப்பு கேட்டேன். "சரி, போங்க, இருட்டப் போவுது" என்றார்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆப்பைத் திட்டிப் பயனில்லை, அது சொன்ன நேரத்துக்குச் சரியாகக் கூவியது. ஒருவர் தன் பேச்சை எதில் கொண்டுபோய் முடிப்பார் என்று தெரிந்துவைத்துக்கொண்டே அதற்கு முன்னால் நிறுத்தினால், நிறுத்தியது நீங்கள்தான். கையில் போன் இருந்தது என்பதெல்லாம் பேச்சே இல்லை.

7. மே 9

வியாழக்கிழமை. எழுந்தது 4.10. முதலில் அலுவலகத்துக்குப் போகவில்லை. நேராக ஓடை வரப்புக்குப் போனேன். கன்னியம்மா அங்கே இருந்தார். வண்டியை நிறுத்திவிட்டு, "சொல்லுங்கம்மா" என்றேன்.

காற்றிலிருந்து ஆரம்பித்தார். வெயில், டிகிரி, பாத்தி, ஆள். கல்யாணத்துக்குப் போன இருவரும் வந்துவிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த லட்டு சரியில்லை. ஒரு மூச்சு விட்டார். நான் வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டிருந்தேன். அதனால் எவ்வளவு நேரம் ஆனது என்று டைரியில் இல்லை.

"அப்புறம் ஒண்ணுங்க" என்றார். "நாலாம் மதகு."

அங்கேயே நின்று டிராக்டர்காரருக்குப் போன் செய்தேன். மண் வந்து இறங்கியபோதுதான் வாட்ச்சை எடுத்துக் கட்டினேன். மணி 6.20. மீட்டிங்குக்கு இன்னும் இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம் இருந்தது.